ஜெர்மனியில் வாடகை வீட்டில் பழுது ஏற்பட்டால் யார் செலவு?

உங்கள் கேள்வியின் சாரம் இது: சமையலறைக் குழாய் கெட்டுப்போனதால் வீட்டு உரிமையாளர் பிளம்பரை அனுப்பி மாற்றித் தந்திருக்கிறார், பில் 168 யூரோ. ஒப்பந்தத்தில் சிறு பழுதுகளுக்கு 100 யூரோ வரை வாடகைதாரர் பொறுப்பு என்று ஒரு வரி இருப்பதால், 100 யூரோவை நீங்கள் கொடுங்கள், மீதி 68 யூரோவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அத்துடன் படுக்கையறை மூலையில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைக்காததால் வந்தது, எனவே அது உங்கள் செலவு என்கிறார். வாடகையைக் குறைத்துக் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழாய்க்கு நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பூஞ்சைக்குக் காரணம் எது என்று தெரியும் வரை அந்தச் செலவை ஒப்புக்கொள்ள வேண்டாம். வாடகையை இப்போதைக்கு ஒரு சென்ட் கூடக் குறைக்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் பிரிவு, வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் ஒப்படைப்பதோடு, வாடகைக் காலம் முழுவதும் அந்த நிலையிலேயே வைத்திருப்பதும் உரிமையாளரின் கடமை என்கிறது. 538ஆம் பிரிவு, ஒப்பந்தப்படி முறையாகப் புழங்குவதால் ஏற்படும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்கிறது. கதவுக் கைப்பிடி தளர்வதும், தரை விரிப்பு நிறம் மங்குவதும், ஹீட்டரின் வால்வு இறுகிப்போவதும், கொதிகலன் வயதாகி நின்றுபோவதும் அந்தத் தேய்மானத்தில் அடங்கும். மாதாமாதம் நீங்கள் கட்டும் வாடகையில் அதற்கான விலையும் சேர்ந்திருக்கிறது. ஆகவே, தொடக்க நிலையில் எல்லாச் செலவும் உரிமையாளருடையது. உங்கள் மேல் ஒரு செலவைச் சுமத்த விரும்பினால், எந்த விதிவிலக்கின்படி சுமத்துகிறார் என்று காட்ட வேண்டியவர் அவர்தான். இங்கு வந்து சில ஆண்டுகளே ஆன நம்மவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நான் கட்ட வேண்டாம் என்று எங்கே எழுதியிருக்கிறது எனத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படித் தேட வேண்டிய அவசியமே இல்லை.

விதிவிலக்குகளில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படுவதும், மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் 'கிளைன்ரெபராட்டூர்' எனப்படும் சிறு பழுது விதிதான். இது சட்டத்தில் தானாக இருக்கும் விதி இல்லை. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே உண்டு. எழுதப்பட்டிருந்தாலும், கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1989இலும் 1992இலும் வகுத்த எல்லைகளுக்குள் இருந்தால்தான் அது செல்லும். நீங்கள் அடிக்கடி கையால் தொட்டுப் புழங்கும் பொருள்களுக்கு மட்டுமே அது பொருந்தும்: குழாய், மின்விளக்குச் சுவிட்ச், ஜன்னல் கைப்பிடி, கதவுப் பூட்டு, ஷவர் தலை, ஷட்டரை ஏற்றி இறக்கும் பட்டை போன்றவை. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்க் குழாயின் அடைப்பு ஆகியவை உங்கள் கைக்கு எட்டாதவை; அவற்றுக்கு இந்த விதி ஒருபோதும் பொருந்தாது. அடுத்து, ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் உச்சவரம்பு எழுதியிருக்க வேண்டும். இன்றைய நிலையில் சுமார் 100 முதல் 120 யூரோ வரை நீதிமன்றங்கள் ஏற்கின்றன, இது ஊருக்கு ஊர் சற்று மாறும். மூன்றாவதாக, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பு இருக்க வேண்டும்; ஆண்டு வாடகையில் 6 முதல் 8 விழுக்காடு என்பது பொதுவாக ஏற்கப்படும் அளவு. மாதம் 800 யூரோ வாடகை என்றால் ஆண்டுக்கு 9,600. அதில் 8 விழுக்காடு 768 யூரோ. இந்த ஆண்டு வரம்பே எழுதப்படவில்லை என்றால் விதி முழுவதும் செல்லாது, 20 யூரோ பழுதுக்குக் கூட அவர் உங்களிடம் கேட்க முடியாது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் விஷயத்தை முடித்துவைப்பது இன்னொரு எல்லை. பில் தொகை வரம்புக்குள் முழுவதுமாக அடங்கினால் அதை நீங்கள் கட்டுகிறீர்கள். வரம்பைத் தாண்டிவிட்டால் அது சிறு பழுது என்ற வகையிலிருந்தே வெளியேறிவிடுகிறது, அப்போது முழுத்தொகையும் உரிமையாளருடையது. பெரிய பில்லில் வாடகைதாரர் முதல் 100 யூரோவைப் பங்காகத் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் ஏற்பதில்லை. எனவே 95 யூரோ பில் வந்திருந்தால் (ஆண்டு வரம்பும் ஒப்பந்தத்தில் இருந்தால்) நீங்கள் கட்டியிருக்க வேண்டும். 168 யூரோ பில்லுக்கு ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இது பலருக்கும் விசித்திரமாகத் தோன்றுகிறது, உரிமையாளர்களும் உண்மையாகவே இதை அறியாமல் கேட்பதுண்டு. ஆகவே அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட வேண்டாம். பில்லின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிளம்பர் வந்துபோன செலவு, வேலை நேரக் கூலி, உதிரிப் பொருள், அதன் மேல் 19 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி எல்லாம் சேர்ந்த இறுதித் தொகையைத்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும். பொருள் விலையை மட்டும் தனியே பிரித்து, அது 90 யூரோதானே என்று கேட்டால் அதற்கு இணங்க வேண்டாம். ஒரே வேலையை இரண்டு பில்லாக உடைத்து வரம்புக்குள் கொண்டுவருவதும் செல்லாது.

யார் பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள் என்பது எதிர்பார்ப்பதை விட முக்கியமானது. அழைத்தவருக்கும் பிளம்பருக்கும்தான் ஒப்பந்தம். நீங்களே கூப்பிட்டால் பில் உங்கள் பெயரில் வரும், பிறகு உரிமையாளரிடமிருந்து அதை மீட்பது உங்கள் பாடு. சிறு பழுதுகளை வாடகைதாரரே ஆளைப் பிடித்துச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று சில ஒப்பந்தங்கள் எழுதுகின்றன. அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டார்கள். செலவைச் சுமத்தலாம், வேலையைச் சுமத்த முடியாது. அவசரப்பட்டு நீங்களே சரிசெய்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது: உரிமையாளருக்கு அறிவித்து, கெடு கொடுத்து, அவர் செய்யத் தவறிய பிறகு செய்யாமல், தானாகவே வீட்டின் வெப்பமூட்டியைச் சரிசெய்த வாடகைதாரருக்குச் செலவு திரும்பக் கிடைக்கவில்லை. 536அ (536a) பிரிவின்படி நீங்களே செய்து பணத்தைத் திரும்பக் கேட்க இரண்டு சூழல்களே உண்டு. ஒன்று, அறிவித்துக் கெடு கொடுத்த பிறகும் அவர் செய்யாதது. மற்றொன்று, வீட்டைக் காப்பாற்ற அந்தக் கணமே செய்தாக வேண்டிய நிலை. ஞாயிறு இரவில் குழாய் வெடித்துத் தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்குவதும், உறைபனியில் வெப்பமூட்டல் நின்றுபோய் உரிமையாளரும் 'ஹவுஸ்மைஸ்டர்' எனப்படும் கட்டடப் பராமரிப்பாளரும் தொலைபேசியை எடுக்காததும் இந்த வகை. அப்போதும் நீங்கள் அழைத்த நேரம் தெரியும் அழைப்புப் பட்டியலையும், தண்ணீர் ஒழுகும் படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் முதலில் வரும் இரவு நேர அவசர நிறுவனங்களில் சில, வந்து இறங்கிய பிறகு பல மடங்கு கேட்கும். நகரத் தண்ணீர் நிறுவனத்தின் அவசர எண்ணையும், படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் ஹவுஸ்மைஸ்டரின் எண்ணையும் இன்றே கைப்பேசியில் பதிந்து வைப்பது நல்லது.

இதற்கு இணையாக உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. 536இ (536c) பிரிவின்படி, குறை தெரிந்தவுடன் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். சொட்டிக்கொண்டிருந்த இணைப்பை மூன்று மாதம் கண்டும் காணாமல் இருந்து, அலமாரியின் அடிப்பலகை ஊறி, தரையும் உப்பிவிட்டால், குழாய் அவர் செலவு, ஊறிப்போன தரை உங்கள் செலவு என்று ஆகிவிடும். வாய்மொழியாகச் சொல்வது சட்டப்படி போதும். ஆனால் சொன்னதை நிரூபிக்க முடியாது என்பதால் எழுத்தில் அனுப்புங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். என்ன கெட்டது, எந்த அறையில், எந்தத் தேதியில் கவனித்தீர்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், எந்த நாள்களில் வீட்டில் இருப்பீர்கள் என்ற ஐந்தும் இருந்தால் போதும். சாதாரணப் பழுதுக்கு இரண்டு வாரக் கெடு நியாயமானது. குளிர்காலத்தில் வெப்பமூட்டல் என்றால் ஓரிரு நாள். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால், கடிதப்பெட்டியில் போட்டதைத் தபால்காரர் பதிவுசெய்யும் 'ஐன்வுர்ஃப் ஐன்ஷ்ரைபன்' வகைத் தபாலில் அனுப்புங்கள். ஜெர்மன் மொழி சரளமாக வராதென்பதற்காகத் தயங்க வேண்டாம்; இலக்கணப் பிழையோடு நேரத்தில் போன கடிதம், பிழையின்றித் தாமதமாகப் போன கடிதத்தை விடப் பன்மடங்கு பயன் தரும்.

இனி பூஞ்சை. இதில்தான் மிகப் பெரிய தொகைகளும் மிகப் பெரிய சச்சரவுகளும் எழுகின்றன, எனவே சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலை, வீட்டின் மற்றச் சுவர்களை விடக் குளிர்ந்திருக்கும். அறையின் காற்று 20 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருக்கும்போது, சுவரின் மேற்பரப்பு ஏறத்தாழ 12.6 பாகைக்குக் கீழே போனால், அந்தச் சுவரையொட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கண்ணுக்குத் தண்ணீர் தெரியாவிட்டாலும் பூஞ்சை வளர அதுவே போதும். ஆக, காரணம் இரண்டு பக்கத்திலும் இருக்கலாம்: சுவர் மிகக் குளிர்ந்திருப்பது கட்டடத்தின் குறை, காற்று மிக ஈரமாக இருப்பது வாழும் முறையின் விளைவு. குளியல், சமையல், வீட்டுக்குள் துணி உலர்த்துதல், மூச்சு என்று ஒரு குடும்பம் நாளொன்றுக்குப் பல லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறது. சோறும் குழம்பும் தினமும் கொதிக்கும் வீட்டில் அது இன்னும் கூடுதல் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வழக்கென்று வந்தால் நிரூபிக்கும் வரிசை உங்களுக்குச் சாதகமாகத் தொடங்குகிறது. கூரை, குழாய், சுவர் விரிசல், வெப்பக் காப்பு ஆகிய எதிலும் குறை இல்லை என்று முதலில் காட்ட வேண்டியவர் உரிமையாளர். அதை அவர் காட்டிய பிறகே, நீங்கள் முறையாக வெப்பமூட்டிக் காற்றோட்டம் விட்டீர்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டிய நிலை வரும். நீங்கள் ஜன்னல் திறக்கவில்லை என்று படிக்கட்டில் நின்று சொல்வது ஆதாரமாகாது. ஆனால் உங்களுக்குப் பாதகமான ஒரு தீர்ப்பும் உண்டு: 1968, 1971ஆம் ஆண்டுகளில் கட்டிய வீடுகள் பற்றிய வழக்குகளில், கட்டிய காலத்தின் விதிமுறைக்கு ஏற்பச் சுவர் இருந்தால், அது குளிர்ச்சியாக இருப்பது மட்டுமே குறையாகாது என்று 2018 டிசம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய கட்டடம் என்றால் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி அந்த அறையில் வைத்து, காலையும் மாலையும் எண்களைத் தேதியோடு குறித்துவாருங்கள். 60 விழுக்காட்டைத் தாண்டி நிற்கக் கூடாது. ஜன்னலை நாள் முழுவதும் சாய்த்து வைப்பதை நிறுத்துங்கள், அது ஜன்னலைச் சுற்றிய சுவரை இன்னும் குளிர வைக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை ஐந்து முதல் பத்து நிமிடம் முழுவதுமாகத் திறந்து மூடுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கும் அலமாரியையும் கட்டிலின் தலைப்பலகையையும் ஒரு கையகலம் முன்னே இழுங்கள். பூஞ்சை பிடித்த இடத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அதே கோணத்தில் இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுங்கள். அதன் மேல் நீங்களே வெள்ளையடித்து மறைத்துவிட வேண்டாம். உங்கள் பக்கத்து ஆதாரம் அதோடு போய்விடும். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் அதே மூலையில் பூஞ்சை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், கட்டடத்தின் குறை என்பதற்கு அதை விட எளிதான சான்று கிடைக்காது.

வாடகைக் குறைப்பை ஏன் வேண்டாம் என்கிறேன்? 536ஆம் பிரிவின்படி, குறிப்பிடத்தக்க குறை இருக்கும் காலத்துக்கு வாடகை தானாகவே குறைகிறது. உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை, இந்த உரிமையை ஒப்பந்தத்தில் பறிக்கவும் முடியாது. குறைப்பு, தண்ணீர், குப்பை போன்ற துணைச் செலவுகளும் சேர்ந்த முழு வாடகையின் மேல் கணக்கிடப்படுகிறது. ஆனால் எத்தனை விழுக்காடு என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் தனித்தனி வழக்குகளின் முடிவுகள். உங்கள் வீட்டுக்கு அவை பொருந்தும் என்ற உறுதி இல்லை. அளவுக்கு மீறிக் குறைத்து, பாக்கி இரண்டு மாத வாடகையை எட்டிவிட்டால், முன்னறிவிப்புக் காலம் இல்லாமலே வீட்டைக் காலிசெய்யச் சொல்ல 543ஆம் பிரிவு உரிமையாளருக்கு இடம் தருகிறது. 2012இல் தீர்ப்பான ஒரு வழக்கில், வாடகைதாரர்கள் பூஞ்சையைக் காட்டி 20 விழுக்காடு குறைத்துக் கட்டிவந்தார்கள். மீன் தொட்டிகளும் பாம்பு வளர்த்த கண்ணாடிக் கூண்டும் கொண்ட அந்த வீட்டில் போதிய காற்றோட்டம் இல்லாததே காரணம் என்று தெரியவந்தது. காரணத்தைத் தவறாக எண்ணிவிட்டோம் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை, வீட்டை இழந்தார்கள். பாதுகாப்பான வழி, முழு வாடகையையும் கட்டிக்கொண்டே, பூஞ்சையின் காரணமாக உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு கட்டுகிறேன் என்று எழுத்தில் தெரிவிப்பது. 'உன்டர் ஃபோர்பெஹால்ட்' என்று அதைக் குறிப்பிடுவார்கள். பின்னர் குறை உறுதியானால், அதிகம் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். அப்படித் தெரிவிக்காமல் மாதக்கணக்கில் கட்டிவந்தால் பழைய மாதங்களுக்கான உரிமை கைநழுவக்கூடும்.

நீங்களோ பிள்ளைகளோ விருந்தினரோ உடைத்தது உங்கள் செலவுதான். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைத் தர வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டு பழைய தரை விரிப்பில் கறை பட்டுவிட்டால், அதன் ஆயுள் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் உரிமையாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை. 'ஹாஃப்ட்ஃப்லிஷ்ட்' எனப்படும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு ஒன்றை, அது எதை விலக்குகிறது, எந்த வரம்பு வரை தருகிறது என்று பார்த்து, கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுச் சேதமும், சாவி தொலைந்தால் மாற்றும் செலவும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். பொதுவாசலுக்கும் சேர்த்துத் திறக்கும் சாவி தொலைந்தால் தொகை எளிதில் ஆயிரங்களைத் தொடும். சமையலறை சம்பந்தமாக இன்னொன்று: அடுப்பும் அலமாரிகளும் வீட்டோடு வாடகைக்குத் தரப்பட்டவையா, முந்தைய குடித்தனக்காரரிடம் பணம் கொடுத்து நீங்கள் வாங்கியவையா என்று பாருங்கள். வாங்கியவை என்றால் அவை உங்கள் சொத்து, அவற்றின் பழுதும் உங்களுடையது.

ஆண்டுதோறும் வரும் 'நேபென்கோஸ்டன்' எனப்படும் துணைச் செலவுக் கணக்கையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். வெப்பமூட்டும் கருவியின் வழக்கமான பராமரிப்பு, லிஃப்ட் பராமரிப்பு, குப்பை, தண்ணீர் போன்ற தொடர் செலவுகளை அதில் சேர்க்கலாம். பழுது பார்த்த செலவைச் சேர்க்கக் கூடாது. ஹவுஸ்மைஸ்டர் என்ற தலைப்புக்குள் கதவு சரிசெய்த கூலி மறைந்திருப்பது உண்டு. சந்தேகம் வந்தால் மூல ரசீதுகளைப் பார்க்கக் கேளுங்கள், காட்ட வேண்டியது உரிமையாளரின் கடமை.

வீட்டைக் காலிசெய்யும்போது வெள்ளையடிப்பது யார் என்ற கேள்வியும் உங்களுக்கு விரைவில் வரும். சட்டப்படி அதுவும் உரிமையாளருடையதே. ஒப்பந்தம் உங்களிடம் மாற்றியிருந்தால் மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். சமையலறை மூன்று ஆண்டு, அறைகள் ஐந்து ஆண்டு என்று இறுக்கமான காலக்கெடு எழுதியிருந்தால், 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அது செல்லாது. வெள்ளையடிக்காத வீட்டை உரிய ஈடு எதுவும் தராமல் உங்களிடம் ஒப்படைத்திருந்தால், 2015 மார்ச் மாதத் தீர்ப்பின்படி அந்தக் கடமை உங்கள் மேல் வராது. அதனால்தான் குடிவந்த நாளில் எழுதும் ஒப்படைப்புக் குறிப்பும் அன்று எடுத்த படங்களும் காசு பெறும். குறிப்பு எழுதவில்லை என்றால், இன்றைய தேதியிட்ட படங்களாவது எடுத்து வையுங்கள். முன்பணம் துணைச் செலவு சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்க முடியாது. சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்தில் சேதத்துக்கான அவருடைய கோரிக்கை காலாவதியாகிறது. ஆனாலும் முன்பணத்தில் அதைக் கழித்துக்கொள்ள அதன் பிறகும் வழியுண்டு என்று 2024 ஜூலையில் நீதிமன்றம் சொல்லியிருப்பதால், ஆறு மாதம் கடந்ததை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

குழாய் பில்லுக்கு இன்றே இரண்டு வரியில் பதில் அனுப்புங்கள்: பில் தொகை ஒப்பந்தத்திலுள்ள 100 யூரோ வரம்பைத் தாண்டுவதால் இது சிறு பழுது விதிக்குள் வராது, எனவே தொகையை ஏற்க இயலாது. மரியாதையாக, காரணத்தோடு, தேதியோடு. அவர் அந்த 100 யூரோவை வாடகைக் கணக்கில் பாக்கியாகக் காட்டினாலும் கலங்க வேண்டாம். மாத வாடகையைத் தவறாமல், எந்த மாதத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்பிக்கொண்டிருங்கள். பூஞ்சைக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள், இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம். பூஞ்சை விஷயம் இழுத்துக்கொண்டு போனால், உங்கள் நகரத்தின் மீட்டர்ஃபெரைன் என்ற வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். ஆண்டுச் சந்தா ஒரு மணி நேர வழக்கறிஞர் கட்டணத்தை விடக் குறைவாகவே இருக்கும், உறுப்பினர்களுக்குச் சட்ட ஆலோசனையும் கடிதம் எழுதும் உதவியும் அதிலேயே கிடைக்கின்றன. முதல் சந்திப்புக்குப் போகும்போது ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், ஒப்படைப்புக் குறிப்பும், அனுப்பிய கடிதங்களும், பூஞ்சையின் படங்களும், ஈரப்பதம் குறித்த தாளும் கையில் இருக்கட்டும்.